காய்ஞ்சா கருக்கும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் இருட்டறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் அங்கே கூடி பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் கற்றுக்கொள்கிறோம். வகுப்பு என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, பாடத்திட்டம், சான்றிதழ் எதுவும் கிடையாது. சொல்லிக்கொடுப்பவர் எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் அவர் ஸ்டுடியோவில் நிற்காமல் இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமாகாது என்பார்கள். தொழில் படுத்த பிறகு மகன் கீழ்த்தளத்தை ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று மாற்றிக்கொண்டார். மாடியில் இருக்கும் என்லார்ஜரை, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் அந்தக் கருவியை மட்டும் பெரியவர் தொட விடவில்லை. நாங்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

வருகிறவர்கள் ஒரு கலவை. ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர், டிஜிட்டலில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஓர் இளைஞர், கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஒரு மேடம், அப்புறம் நான். நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறவன். பெங்களூரா மாம்பழ லோடு வர ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அதனால் என் படிப்பு சீசன் முடிந்ததும் தொடங்கி, அடுத்த சீசனுக்கு நின்றுவிடும்.

வயசு நாற்பதைத் தாண்டிய பிறகு இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மாமனார் வீட்டு பீரோவில் ஒரு பென்டாக்ஸ் கே1000 கிடைத்தது, அதுதான் எதற்கு. 1976இல் வந்து இருபது வருஷத்துக்கு மேல் விற்ற மாடல். பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் தூங்கும். பிலிம்தான் விலை. ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே, அதில் முப்பத்தாறு படம். பொழுதுபோக்கு என்று பார்த்தால் மீன் பிடிப்பதைவிடச் செலவு அதிகம், கிரிக்கெட் சூதாட்டத்தைவிடக் குறைவு என்று வீட்டில் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊரில் பிலிம் கழுவ வேண்டுமென்றால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. எங்கள் பக்கம் பல ஊர்க் கிணறுகளும் போர்களும் அதைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஆகவே வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி, இந்தத் தண்ணீரில் பிலிம் கெட்டுப்போகாதா என்பது.

மாஸ்டர் சிரித்தார். “ஃப்ளோரைடு பல்லைத்தான் தம்பி கெடுக்கும். பிலிமைக் கெடுக்கறது சுண்ணாம்பு.”

பிலிமில் படத்தை எழுப்பும் கரைசலான டெவலப்பரை மேடம் பாக்கெட்டில் வாங்காமல் தராசில் நிறுத்தே கலக்குவார். டி-76 என்ற சூத்திரம், 1927இலிருந்து புழக்கத்தில் இருப்பது. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர். இதை எங்கள் போர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். கால்சியமும் சல்ஃபைட்டும் சேர்ந்து வெள்ளையாக அடியில் படியும். அது பிலிம் மேல் உட்கார்ந்தால் பிரிண்டில் புள்ளி விழும். கடைசிக் கழுவல் போர் தண்ணீரில் என்றால், காய்ந்த பிறகு ஒவ்வொரு சொட்டும் ஒரு வட்டம் விட்டுப்போகும். அதற்கு மாஸ்டரின் மருந்து, இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரி தண்ணீர். டெவலப்பர் கலக்கவும், கடைசியில் ஒரு முறை அலசவும் அது. நடுவில் எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர்.

குழாய்த் தண்ணீர் என்றால் வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது. புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்கின்றன. சித்திரையில் எங்கள் குழாயைத் திறந்தால் முப்பதைத் தாண்டித்தான் வரும். அதனால் வாளியில் ஐஸ்கட்டிப் பையைப் போட்டு, அதற்குள் டெவலப்பர், ஹைப்போ (எழும்பிய படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் இறக்கி, 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, கழுவும் நேரத்தைக் குறைத்துக்கொள்வோம். முக்கியம் என்னவென்றால் எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குச் சட்டென்று மாற்றினால் பிலிம் மேல் இருக்கும் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விட்டுவிடும். மாஸ்டரிடம் அப்படிப்பட்ட நெகட்டிவ் ஒன்று இருக்கிறது. அதில் மணமகன் முகம் முழுக்க வறண்ட ஏரி.

தண்ணீர் அளவு இன்னொரு கவலை. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற தெருவில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் பிலிமை அலசினால் மேலே பார்த்து நாலு பேர் கேட்பார்கள். இல்ஃபோர்டு கம்பெனி சொல்லிவைத்த வழி ஒன்று இருக்கிறது. டேங்கில் தண்ணீரை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 முறை, கடைசியாக 20 முறை. மூன்று டேங்க் தண்ணீரில் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் யாரோ சிக்கனத்துக்குக் கண்டுபிடித்தது, கிருஷ்ணகிரிக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்ற மாஸ்டர் விடமாட்டார். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்பதை 1819இலேயே ஜான் ஹெர்ஷல் கண்டுவிட்டார். பிலிமில் வெளிச்சம் படாத வெள்ளியெல்லாம் பழைய ஹைப்போவில்தான் இருக்கிறது. முன்பு அதை வாங்கவே மாதம் ஒரு ஆள் கேனோடு வருவாராம். “அவன் குடுத்த காசுல பொங்கலுக்குத் துணி எடுத்திருக்கேன்” என்பார். இப்போது அப்படி யாரும் வருவதில்லை. கேன்கள் மாடிப்படிக்கு அடியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

ரீலில் பிலிம் ஏற்றுவதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். கும்மிருட்டு, வியர்க்கிற கை, வழுக்காத பிலிம். பழகினால் வரும்.

பிரிண்ட் போடுவதுதான் விஷயம். பேப்பருக்கு சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால் சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். நெகட்டிவை என்லார்ஜரில் வைத்து, கீழே பேப்பரில் எத்தனை விநாடி வெளிச்சம் விழுகிறதோ அவ்வளவு கருக்கும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அந்த விநாடியை நம்ப முடியாது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கி பல்பு மங்கும். பன்னிரண்டு விநாடி கொடுத்தாலும் பத்துதான் விழும். ஸ்டெபிலைசர் இருந்தும், மோட்டார் சத்தம் கேட்டால் மாஸ்டர் கையைத் தூக்கிவிடுவார். எல்லாரும் நிற்போம். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் வந்த பிறகு வகுப்பு தொடரும்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த வகுப்பில் சேரும்போதே என் மனசில் ஒரு வழக்கு இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் எல்லாரும் வெளுப்பாக இருக்கிறார்கள். அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள், யாரும் அந்த நிறம் இல்லை. நேரில் பார்த்த மனிதர்களை ஆல்பத்தில் தேடினால் வேறு யாரோ மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். இதைச் செய்தது ஸ்டுடியோக்காரர்கள்தான் என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை ஒரு ஸ்டுடியோக்காரரிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எப்படிச் செய்வோம் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் பவுடர். அப்புறம் விளக்கு. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் 500 வாட் பல்புகள்தான், மஞ்சளும் சிவப்பும் தூக்கலான வெளிச்சம். பான்குரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும் என்பதால், பழுப்புத் தோல் அந்த வெளிச்சத்தில் தானாகவே ஒரு படி வெளுத்துவிடும். அதற்கும் முந்திய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. நம் ஆட்களை அதில் எடுத்தால் உள்ளதைவிடக் கறுப்பாக வருவார்கள். அடுத்தது நெகட்டிவில் பென்சில். ஜெலட்டின் மேல் கூர்மையான பென்சிலால் பொடிப்பொடியாகத் தொட்டுத்தொட்டு கண்ணுக்குக் கீழ் நிழலை, அம்மைத் தழும்பை, கன்னத்துக் குழியை நிரப்புவது. நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுப்பு. இதற்கு ‘டச்சிங்’ என்று பெயர், டச்சிங் தெரிந்தவனுக்குத் தனிச் சம்பளம். கடைசியாக என்லார்ஜரில் இரண்டு விநாடி குறைத்தால் முடிந்தது.

“சரி மாஸ்டர், ஏன் செஞ்சீங்க?”

“பொண்ணு போட்டோ தம்பி. தரகர் பையில பத்து போட்டோ இருக்கும். ஒம்பது ஸ்டுடியோவுல ஒம்பது பேரு வெளுத்து அனுப்பியிருப்பான். என்கிட்ட வந்த பொண்ணை மட்டும் நான் உள்ளபடி போட்டு அனுப்பினா அது நியாயமா?”

எனக்குப் பதில் வரவில்லை. வீடியோ எடுக்கும் இளைஞர் மட்டும், “இப்ப நாங்க ஃபில்டர்ல பண்றோம் அண்ணா, அதே வேலைதான்” என்றார். மேடம் அமெரிக்கக் கதை ஒன்றைச் சொன்னார். கலர் லேப்களில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் பல காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்ததாம். முதலில் படத்துக்கு நின்றவர் பெயரால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. மாஸ்டர் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கலர் வந்த புதிதில் ரோலைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்த படங்களில் நம் ஆட்கள் செங்கல் நிறத்தில் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் கறுப்பு வெள்ளையை அவர் விடாமல் வைத்திருந்தார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கி, 1967இலிருந்து உற்பத்தி செய்துவந்த ‘இந்து’ சரக்கு அவர் கைக்குப் பழகியது. அதில் அவர் நினைத்த நிறத்தை அவரே கொண்டுவர முடியும், வேறொரு ஊர் மெஷின் முடிவு செய்யாது.

உள்ளபடி எடுக்க வேண்டுமென்றால் எப்படி என்று கேட்டேன். அது பாடமாயிற்று. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடு சாம்பல் என்று நினைக்கும், 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று. கறுத்த முகத்தைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளைச் சட்டையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும். “முகத்துல பாக்காதீங்க, உள்ளங்கையில பாருங்க” என்றார் மாஸ்டர். யாருடைய முகம் என்ன நிறமாக இருந்தாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே நிறம். உச்சி வெயிலில் படத்துக்கு நிற்பவர் இருக்கும் அதே வெளிச்சத்தில் உன் கையை நீட்டி, அதில் மீட்டர் பார்த்து, ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிவிடு. நம் ஊரில் கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வரும், அதுவும் பாறையில் பட்டுத் தெறிக்கிற வெயிலில். அதனால் வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து, கழுவும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் வேட்டியும் வெந்துபோகாது, முகமும் அடைந்துபோகாது.

இப்படி நான் எடுத்த படங்களில் ஒன்றுதான் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் எடுத்த என் அத்தையின் படம். அத்தை அந்தப் பக்கம் ஒரு கிராமம். மகன் ஓட்டிவந்த வண்டியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வியாபாரி அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்ல, அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கும்போது எப்போதும் முந்தானை வாய்க்குப் போகும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று இரண்டு கையிலும் பெட்டி. முந்தானை போகவில்லை. நான் அமுக்கிவிட்டேன்.

அத்தை சிறு வயதில் குடித்தது கிணற்றுத் தண்ணீர். பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு ஏறினால் அது பல்லோடு தங்கிவிடும், பிறகு எந்த ஆற்றுத் தண்ணீர் குடித்தாலும் போகாது. முன்பல் நான்கிலும் பழுப்புப் பட்டை. கறுப்பு வெள்ளையில் அது கறுப்பாகத்தான் விழும்.

டெஸ்ட் ஸ்டிரிப் என்பது பேப்பர் துண்டின் மேல் அட்டையை மூன்று விநாடிக்கு ஒரு முறை நகர்த்தி, 3, 6, 9, 12, 15 என்று படிப்படியாக வெளிச்சம் காட்டுவது. டெவலப்பர் டிரேயில் போட்டதும் பதினைந்தில் முதலில் நிழல் எழும், அப்புறம் பன்னிரண்டில். ஆறு விநாடிப் பட்டையில் எனக்குப் பழக்கமான ஆல்பத்து அத்தை இருந்தார், மழுமழுவென்று, மூக்குத்திக்கும் மூக்குக்கும் வித்தியாசமில்லாமல். ஒன்பதில் கண்ணோரச் சுருக்கம் வந்தது. பன்னிரண்டில் நெற்றி வியர்வை பளபளத்தது, கன்னத்தில் வெயில் பட்ட இடமும் படாத இடமும் பிரிந்தன, மூக்குத்தி தனியாக நின்றது. ராயக்கோட்டையில் இருக்கும் அத்தை பன்னிரண்டில்தான் இருந்தார். பதினைந்தில் கண் அடைந்துவிட்டது.

அப்படியானால் பன்னிரண்டு என்று நான் பேப்பரை எடுக்கப் போனேன். மாஸ்டர் தடுத்தார். “பதினொண்ணு போடுங்க. காய்ஞ்சா கருக்கும்.” சிவப்பு விளக்கில் எல்லாப் படமும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும், அதில் ஏமாந்து பாதியில் டிரேயிலிருந்து தூக்கிவிடக் கூடாது. வெள்ளை விளக்கில் ஈரப் பிரிண்ட் பளிச்சென்று இருக்கும், அதிலும் ஏமாறக் கூடாது. ஃபைபர் பேப்பர் காயக் காய ஒரு சாயை இறங்கும். இரவு கொடியில் மாட்டியதைக் காலையில் பார்த்தால்தான் உண்மையான நிறம். ஸ்டுடியோக் காலத்தில் இந்த ஒரு சாயைக்காகவே வாடிக்கையாளரோடு சண்டை வந்திருக்கிறதாம்.

பதினொன்றில் போட்டேன். கண்குழி நிழலுக்கு, சைக்கிள் ஸ்போக்கில் ஒட்டிய சின்ன அட்டை வட்டத்தை ஆட்டிக்கொண்டே இரண்டு விநாடி மறைத்தேன். ஆட்டாமல் பிடித்தால் முகத்தில் வட்டம் விழும். பின்னால் நின்ற வியாபாரியின் வெள்ளைச் சட்டைக்குத் தனியாக ஐந்து விநாடி கூடுதல். காலையில் காய்ந்ததைப் பார்த்தபோது எனக்குத் திருப்தி. வழக்கில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பிரிண்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“கறுப்பாத்தான் இருக்கேன்” என்றார்.

“உன் நிறம்தானே அத்தை.”

“அதைத்தான் சொல்றேன். வெயில்ல நிக்கறவளுக்கு வேற என்ன நிறம் வரும்? நல்லாருக்கு.” அப்புறம் விரலைப் பல் மேல் வைத்தார். “இதை மட்டும் எடுத்துடு.”

நான் தயாராக வைத்திருந்த பேச்சைப் பேசினேன். அதுவும் நீதானே, உண்மையாக இருக்கட்டுமே என்றெல்லாம்.

“அது நானா? அது அந்தக் கிணத்துத் தண்ணிடா. நாளைக்கு இந்தப் படத்தைத்தானே மாலை போட்டு மாட்டப் போறீங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் தண்ணியைப் பாக்கணுமா, என்னைப் பாக்கணுமா?”

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவன், பல் பளிச்சென்று இருக்கிறது.

மாஸ்டரிடம் சொன்னபோது, “அத்தை விவரமானவங்க” என்று மட்டும் சொல்லி அலமாரியிலிருந்து ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்தார். உள்ளே சிவப்புப் படிகங்கள், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. பெயரில் சயனைடு இருக்கிறதே என்று அலற வேண்டாம், அமிலத்தோடு சேர்க்காமல் இருந்தால் போதும் என்றார் மேடம். இதையும் ஹைப்போவையும் சேர்த்து வெள்ளியைக் கரைக்கும் முறையை ஹோவர்டு ஃபார்மர் 1883இல் வெளியிட்டார். முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெகட்டிவில் ஒரு பல் கடுகளவுகூட இருக்காது, அங்கே பென்சில் வேலை நடக்காது. அதனால் பிரிண்டிலேயே வெளுக்க வேண்டும்.

புதிதாக ஒரு பிரிண்ட் போட்டு, ஈரத்தோடு கண்ணாடிப் பலகையில் பரப்பி, மேல் தண்ணீரை ஒற்றி எடுத்தேன். வெளிர் மஞ்சள் கரைசலில் நனைத்த நுனி பிரஷ்ஷால் ஒரு தொடல், உடனே பக்கத்தில் வைத்த ஈரப் பஞ்சால் துடைப்பு. முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். இன்னொரு தொடல். பிறகு திடீரென்று கறுப்பு இளகும், அந்த நொடியில் தண்ணீர் காட்டாவிட்டால் பல் இருந்த இடத்தில் வெறும் பேப்பர்தான் மிஞ்சும். போன கறுப்பு திரும்பி வராது. உதட்டோரம் ஒரு மயிரிழை தாண்டினாலும் சிரிப்பு கோணிக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தேன். “எல்லாத்தையும் வெளுத்துடாதீங்க, பல்செட்டுன்னு சொல்லிடுவாங்க. ஓரத்துல கொஞ்சம் விடுங்க” என்றார் மாஸ்டர். விட்டேன். மறுபடி ஹைப்போ, மறுபடி அலசல், கொடி.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாசலுக்கு எடுத்துப்போய், வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“முன்னாடி நாலும் சரி. ஓரத்துல ரெண்டை விட்டுட்டியே.”

“வேணும்னேதான் அத்தை. மாஸ்டர்தான் விடச் சொன்னார்.”

“மாஸ்டர் பல்லா இது? அதையும் எடுத்துட்டுக் கொண்டா. பிரேம் ரொம்பப் பெருசா போட்டுடாத, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி இருக்கு, அதுக்குத் தாங்கற மாதிரி போடு.”